வண்டி தப்பு செய்யாது

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒருத்தியைப் பார்த்து, அவளிடமே கற்றுக்கொண்ட ஒருவன், உங்களுக்குக் கிளட்ச் பிடிக்கத் தெரியவில்லை என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவன் அதை முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட, போகட்டும், துணிச்சல்காரன் என்று விட்டிருக்கலாம். "பழகுறவங்க ஓட்டுற வண்டி இல்லையா டீச்சர், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று தேன் தடவிச் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு ஊரில் பிரேக் அக்கா என்று பேர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்று போர்டில் எழுதியிருக்கிறதே தவிர, ஒரு அறை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட ஒரு படம், சில நாற்காலிகள், வாசலில் ஒரு கார், அவ்வளவுதான். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். வருடக்கணக்காக அதன்மேல் காலை வைத்து வைத்து, இப்போது பஸ்ஸில் போனாலும் அவள் கால் தன்னால் தரையை அழுத்தும். சினிமாவில் கார் வேகமாக வந்தாலும் அழுத்தும். வீட்டுக்காரருக்கு மட்டும் வண்டி ஓட்ட வராது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாதுவான மனிதர். கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தாள். குடும்பம் நிலைக்க வேண்டுமென்று இரண்டு பேரும் அன்றோடு அதை நிறுத்திக்கொண்டார்கள்.

யார் வந்து சேர்ந்தாலும் முதல் நாளே அவள் ஒன்று சொல்லுவாள். வண்டி தப்பு செய்யாது, ஓட்டுகிறவர்தான் தப்பு செய்வார். நியாயமான பேச்சுதான். பழகுகிறவன் கையில் வண்டி நின்றுபோனால் அவன் வண்டியைத் திட்டுவான், ரோட்டைத் திட்டுவான், குறுக்கே போன நாயைத் திட்டுவான், தன் காலை மட்டும் குனிந்து பார்க்கமாட்டான். அந்தப் புத்தியை முதலிலேயே தட்டி வைக்கத்தான் அந்த வாக்கியம். அவளிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

பழைய கார் இனி முடியாது என்று கையை விரித்ததும் புது கார் வாங்கினாள். பழைய காரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய காலத்தின் சேமிப்பெல்லாம் அதில் போயிற்று. ஷோரூமில் அன்றைக்கு என்ன உபசாரம்! உட்கார்ந்தால் உள்ளே அமுங்கிப்போகிற சோபா, கண்ணாடி மேஜை, காபி. ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். சர்வீஸ் மேனேஜர் ஓடி வந்தான். அவளுடைய பழைய மாணவன். "எங்க டீச்சர், இவங்கதான் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்று எல்லாரிடமும் காட்டினான். இரண்டாவது பிரேக்கை வெளியே எங்கும் பொருத்த வேண்டாம், நாங்களே பொருத்தித் தருகிறோம் என்று தன் ஆட்களை விட்டே பொருத்தியும் கொடுத்தான். அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தக் காரில் பழக வந்தவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். நிதானமான பெண். நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை ஒன்று அவளுக்கு வருவதாக இருந்தது. இரவுப் பணி இல்லாத வேலை, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு அது பெரிய விஷயம். லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. அதனால் சிரத்தையாகப் பழகினாள். பரீட்சைக்குத் தேதி வாங்கிவிட்டு, கடைசிச் சில பாடங்களுக்குப் பெரிய ரோட்டுக்குப் போனார்கள்.

பெரிய நாற்சந்தியில் திரும்பும்போது கார் செத்தது. இருமவில்லை, குலுங்கவில்லை, சும்மா அணைந்துபோயிற்று. எதிரே ஒரு லாரி. எஞ்சின் அணைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். ஸ்டியரிங் இரும்பாகக் கனத்தது. பிரேக் அக்கா தன் பக்கத்து மிதியை மிதித்தாள், அது இறங்க மறுத்தது. எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். லாரிக்காரன் புண்ணியவான், டயர் கதறக் கதற நிறுத்தினான். காருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம்தான்.

பயத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பிரேக் அக்கா கொட்டினாள். நடு ரோட்டில், ஹார்ன்கள் நடுவில், ஜன்னலை இறக்கி வேடிக்கை பார்த்தவர்களுக்கு முன்னால் கத்தினாள். கிளட்ச்சை அப்படியா விடுவது, இத்தனை நாள் என்னத்தைக் கற்றுக்கொண்டாய், ஆளைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டாள். நர்ஸ் கதவைத் திறந்தாள். இறங்கினாள், பையை எடுத்துக்கொண்டாள், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பிறகு பாடத்துக்கும் வரவில்லை, பரீட்சைக்கும் போகவில்லை.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் நின்றது. அவருக்கும் திட்டு. பிறகு ஒரு கல்லூரிப் பெண் கையில் நின்றது. அந்தப் பெண்ணுக்கும் அதே கிளட்ச் பாட்டு. புது வண்டி, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிற வண்டி, அதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சாயங்காலம் பாடமெல்லாம் முடிந்து அவளே தனியாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது, தெருமுனையில் மெதுவாக வளைக்கையில், அதே மாதிரி செத்தது. குனிந்து காலைப் பார்த்தாள். கிளட்ச்சில் கால் இல்லை. தரையில் இருந்தது.

அன்றிலிருந்து சர்வீஸ் சென்டருக்கு நடையாக நடந்தாள். அங்கே அமுங்குகிற சோபா கிடையாது. சோபா வண்டி வாங்குகிறவர்களுக்கு. வாங்கிவிட்டவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒரு கால் ஆடும். வண்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாலைந்து நாள் கழித்துப் போன் வரும். கம்ப்யூட்டரில் பார்த்தோம், ஒன்றும் காட்டவில்லை, கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். கழுவத்தான் விட்டாளா? எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டால், காலையில் ஒரு பையன் பின் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தான் என்று பதில். பின் ரோடு கோடு போட்ட மாதிரி நேரான ரோடு. காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும். பழகுகிறவர்களின் கார் அப்படியா ஓடுகிறது? வெயிலில், மணிக்கணக்காக, நடை வேகத்தில், ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பித் திருப்பி ஓடுகிறது. அந்தச் சூட்டில்தான் அது சாகிறது. இதை அவள் சொன்னாள், விளக்கினாள், மேஜையில் விரலால் வரைந்துகூடக் காட்டினாள். கவுண்டரில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த முறையும் காலையில், பின் ரோட்டில், ஒரு சுற்று. மறுபடியும் கழுவினார்கள்.

மூன்றாவது முறையும் தெருமுனையில் நின்றதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். இந்த வண்டி எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள், பணத்தைக் கொடு என்றாள். அப்போதுதான் அவன் தேன் தடவினான், அப்படி இப்படித்தான் இருக்கும் என்று. அதோடு விட்டானா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஏதோ பெரிய தமாஷ் சொல்லப்போகிறவன் மாதிரி சிரித்தான்.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? வண்டி தப்பு பண்ணாது, ஓட்டுறவங்கதான் தப்பு பண்ணுவாங்கன்னு."

அவளுக்கு வாயடைத்துப் போயிற்று. கோபத்தால் என்றுதான் அவன் நினைத்திருப்பான். கோபம் இருந்தது, தலைக்கேறிக் காது இரைந்தது. ஆனால் வாயை அடைத்தது அது இல்லை. இவன் இப்போது தனக்குச் செய்வதை, தான் அந்த நர்ஸுக்குச் செய்தோம் என்று அந்த வினாடிதான் உறைத்தது. அதே வாக்கியத்தை வைத்து, வார்த்தை மாறாமல் செய்திருக்கிறாள். அவனாவது அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான். அவள் நடு ரோட்டில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்தபடியே நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவனிடம் போய்க் கத்துவதில் பிரயோஜனம் இல்லை, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வா என்றார். வண்டி ஓட்டத்தான் தெரியாது, மற்றபடி விவரமானவர்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் மனிதர்கள் வேகுவார்கள், அப்படி ஒரு அறை. அங்கிருந்த அதிகாரியம்மா முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். விற்றவன்தான் பொறுப்பு, தயாரித்த கம்பெனியைக் கேள் என்று அவன் கையைக் கழுவ முடியாது என்றாள். சரிசெய்ய அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது, சரியாகவில்லை, இனி வண்டி வேண்டாம் என்று மறுத்துப் பணத்தைக் கேட்கலாம், கேட்பதை எழுத்தில் கேளுங்கள் என்றாள். புது வண்டியில் கோளாறு இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டியது அவன் வேலை, உங்கள் வேலை இல்லை என்றாள். கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு சொன்னதுதான் பிரேக் அக்காவின் மனசில் நின்றது.

"நல்லெண்ண அடிப்படையில தர்றோம்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்கம்மா. கையெழுத்துப் போட்றாதீங்க. நல்லெண்ணம்னா அவங்க போடுற தானம். இது உங்க உரிமை."

பிரேக் அக்கா அப்படியே ஷோரூமுக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாளில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. இந்தத் தடவை தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. கோளாறு இருக்கிறதென்றால் எங்கள் கண் முன்னால் காட்டுங்கள் என்றான். நான் காட்டவேண்டியதில்லை, இல்லையென்று நீதான் காட்டவேண்டும் என்றாள் இவள். வெயில் நேரத்தில் ஒரு முழுப் பாடத்துக்கு நீ வந்து பக்கத்து இருக்கையில் உட்கார், நின்றுபோகாவிட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். ஒரு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வரப்போகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தானோ என்னவோ, உடனே சரி என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் போன இடம்தான் கஷ்டமான இடம். நர்ஸ் குடியிருந்தது ஒரு அடுக்குமாடியின் மேல்தளம். கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கையில் குழந்தையின் ஈரச் சட்டை இருந்தது. பிரேக் அக்கா வாசற்படியிலேயே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அன்றைக்குத் தப்பு உன் மேல் இல்லை, வண்டி மேல், எனக்கு இப்போதுதான் தெரிந்தது, என்னை மன்னித்துவிடு என்றாள்.

நர்ஸ் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

"அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க அக்கா. நான்தான் எனக்கு லைசென்ஸ் வராதுன்னு எழுதிக் குடுத்தேன். ஆளைக் கொல்லப் பாத்தியான்னு கேட்டீங்க. நான் நர்ஸ். எனக்குத் தூக்கம் வரலை. வார்டுல ஊசி போடக் கை நடுங்குச்சு. நம்ம கை சரியில்லை போலன்னு நினைச்சேன். என் கையில எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

பிரேக் அக்காவுக்கு அழுகை வந்தது, அழுதால் நர்ஸே தன்னைத் தேற்றவேண்டி வரும் என்று விழுங்கிக்கொண்டாள். ஷோரூம்காரனைப் பற்றி, வரப்போகிற பாடத்தைப் பற்றி, ஏதாவது பேசவேண்டுமே என்று சொன்னாள். அதைக் கேட்டதும் நர்ஸ் நிமிர்ந்தாள்.

"நான் ஓட்டுறேன்."

வேண்டாம், ஆபத்து, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று இவள் எவ்வளவோ சொன்னாள். நீங்கள் ஓட்டினால் வேண்டுமென்றே நிறுத்தினீர்கள் என்று அவன் சொல்வான் என்றாள் நர்ஸ். அதுவும் சரிதான். பெரிய ரோடு வேண்டாம், மூடிக்கிடக்கும் மில்லின் மைதானம் போதும், ஒரு ஈ காக்கை இருக்காது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த மைதானத்தில் காலி எண்ணெய் டிரம்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓட்டுவதுதான் பாடம். உச்சி வெயில். மேனேஜர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். நர்ஸ் ஸ்டியரிங்கில். பிரேக் அக்கா, பிழைப்பு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, பின் இருக்கையில். அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. சுற்றினார்கள், சுற்றினார்கள், வண்டி சமர்த்தாக ஓடியது. மேனேஜர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான், வைத்தான், கொட்டாவி விட்டான். நர்ஸின் கழுத்தில் வியர்வை இறங்கியது. ஒரு வண்டி கெட்டுப்போகட்டும் என்று பிரேக் அக்கா வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். மேனேஜர் பின்னால் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர், நான்தான்..." என்று ஆரம்பித்தான்.

அப்போது செத்தது. கடைசி டிரம்மைத் தாண்டி, மில் சுவரை ஒட்டி வளையும் இடத்தில். ஏசி நின்றது, எஞ்சின் சத்தம் நின்றது, வண்டி மட்டும் சுவரைப் பார்த்து உருண்டது. மேனேஜர் பதறிப்போய்த் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். இரண்டு கால்களையும் வைத்து மிதித்தான். அது கல்லாக நின்றது. அவன் ஐயோ என்று கத்தி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். நர்ஸ் கத்தவில்லை. கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி திருப்பினாள், பிறகு ஹாண்ட்பிரேக்கைத் தூக்கினாள். கார் சுவரை உரசாமல் நின்றது. கதவைத் திறக்க இடம் இல்லை, அவ்வளவு பக்கத்தில்.

நர்ஸ்தான் முதலில் பேசினாள். "என் காலைப் பாருங்க சார்."

அவன் கையை விலக்கிக் குனிந்து பார்த்தான். அவளுடைய இடது கால் கிளட்ச்சுக்குப் பக்கத்தில், தரையில், பாதம் முழுக்கப் பதிந்து கிடந்தது.

"கிளட்ச்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப யார் தப்பு?"

அவன் நர்ஸைப் பார்க்காமல் பின்னால் திரும்பினான். கேள்விக்குப் பதில் தெரியாத பையன் வாத்தியாரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். "வண்டி தப்புதான் டீச்சர்" என்றான்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" பிரேக் அக்காவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவங்ககிட்ட சொல்லு."

அவன் சொன்னான். மெதுவாகச் சொன்னான். சரியாகக் காதில் விழவில்லை என்றாள் நர்ஸ். நன்றாகவே விழுந்திருந்தது. அவன் மறுபடியும் சொன்னான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் ஷோரூம்காரர்களைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம். காரை இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கூப்பிட்டார்கள். பழையபடி அமுங்குகிற சோபா, காபி. பணம் முழுவதும் தருகிறோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினான் மேனேஜர். அதிகாரியம்மா வாயில் சர்க்கரைதான் போடவேண்டும், அப்படியே எழுதியிருந்தது. வாகனத்தில் குறைபாடு எதுவும் இல்லாதபோதிலும் நல்லெண்ண அடிப்படையில் என்று. மைதானத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஐயோ என்று கத்தியவன் கொண்டுவந்த காகிதம் அது.

பணம்தான் முழுசாக வருகிறதே, வார்த்தையில் என்ன இருக்கிறது, தலைமை அலுவலகம் இப்படித்தான் எழுதச் சொல்கிறது என்றான். பிரேக் அக்கா காபியைத் தொடவில்லை. குறைபாடு இல்லாத வண்டி என்றால் நாளைக்கு இதைக் கழுவித் துடைத்து இன்னொருத்தி தலையில் கட்டுவாய் என்றாள். குறைபாடு இல்லாத வண்டி என்றால் அந்தப் பெண்ணுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று ஆகிறது என்றாள். சத்தம் வெளியே வரைக்கும் போயிற்று. அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்ற ஒரு குடும்பம் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தப் பார்த்தான்.

"சாத்தாத தம்பி. நான் அந்தப் பொண்ணைத் திட்டினப்போ ஊரே கேட்டுது. இதையும் கேக்கட்டும்."

கதவு திறந்தே இருந்தது. போட்டோவுக்கு நின்ற குடும்பத்துத் தலைவர் அட்டைச் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னம்மா விஷயம் என்று உள்ளே வந்தார். அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. சாயங்காலத்துக்குள் வேறு காகிதம் வந்தது. ஓடும்போது எஞ்சின் நின்றுவிடும் குறைபாடு காரணமாக என்று அதில் இருந்தது. பிரேக் அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாவியை மேஜையில் வைத்தாள். காகிதத்தின் ஒரு நகலை வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்காரரையும் கல்லூரிப் பெண்ணையும் போகிற வழியில் பார்த்துச் சொல்லிவிட்டு, நேரே அடுக்குமாடிக்குப் போய் நகலை நர்ஸிடம் கொடுத்தாள். வேலை திரும்ப வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நர்ஸ் வாங்கிப் படித்தாள், மடித்து அலமாரியில் வைத்தாள், உள்ளே வாங்க என்றாள்.

அடுத்த புது வண்டி வரும்வரை பிரேக் அக்கா வாடகைக்கு ஒரு பழைய பயிற்சிக் கார் எடுத்தாள். அதில் முதல் பாடத்துக்கு வந்தது நர்ஸ். அடுத்த முறை ஒரு வேலை வந்தால் லைசென்ஸ் கையில் இருக்கவேண்டும் என்று வந்தாள். மில் வாசலிலிருந்து கிளம்பும்போதே கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

பிரேக் அக்காவின் வாய் தன்னால் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கப் போனாள். நர்ஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

"ஏறுங்க அக்கா. கிளட்ச்சை டக்குனு விட்டுட்டேன். இது என் தப்பு" என்றாள். சாவியைத் திருப்பிவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு இல்ல."